ஒன்பதாம் நம்பரின் தங்கை

அந்தக் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. உள்ளே படுத்திருப்பவரின் படுக்கை எண்தான் வெளியே உட்கார்ந்திருப்பவரின் பெயர். என் அப்பா நான்காம் படுக்கையில் இருந்தார். ஆகவே நான் நாலு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நிற்கும் செக்யூரிட்டி அண்ணா கன்னடத்தில், "நால்கு நம்பர் அட்டெண்டர்!" என்று கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும். நோயாளிக்குத் துணையாக வந்தவர் மனைவியோ மகனோ மாமனாரோ, பெங்களூர் மருத்துவமனைகளில் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான்.

அப்பாவுக்கு வந்தது உடம்பு தன் நரம்புகளையே தாக்கிக்கொள்ளும் ஒரு நோய். பாதத்தில் தொடங்கிய பலவீனம் நான்கு நாட்களில் மார்புவரை ஏறி, மூச்சுக்கு இயந்திரம் தேவைப்பட்டது. "திரும்பி வரும். ஆனா மெதுவா வரும்" என்றார் பெரிய டாக்டர். மெதுவாக என்பது எங்கள் விஷயத்தில் இருபத்தாறு நாட்கள். பகல் என் பொறுப்பு, இரவு மாமாவின் பொறுப்பு. அம்மா லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து சமைத்து அனுப்பினார். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. ஒரு மென்பொருள் எந்தெந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதுதான் என் தொழில். மேனேஜர் அனுமதித்ததால் மடிக்கணினியோடு அந்தக் கூடத்தின் இரும்பு நாற்காலியிலேயே வேலை பார்த்தேன்.

இரண்டாம் நாளே அந்தக் கூடம் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிட்டது. கூப்பிடும்போது ஆள் இருக்க மாட்டார். ஒருவர் கழிவறையில் இருப்பார், ஒருவர் மருந்துக் கடை வரிசையில் நிற்பார், ஒருவர் கீழே கேண்டீனில் இட்லிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டிருப்பார். மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வராவிட்டால் செக்யூரிட்டி அண்ணா நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போடுவார். உள்ளே மருந்து தாமதமாகும். பிறகு நர்ஸ் வெளியே வந்து திட்டுவார். பெருக்கல் குறிக்குப் பயந்து பலர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். உறுப்பினர்கள் எல்லோரும் எண்கள்தான். வெளியே போகிறவரின் எண்ணைக் கூப்பிட்டால் அவருக்காக இன்னொருவர் எழுந்து போவது, அதற்கு 'கேட்பது' என்று பெயர். அதற்கு நான்கு விதிகள் எழுதிப் போட்டேன். ஒன்று, போகிறவர் யார் கேட்கிறார் என்பதைக் குழுவில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு, மருந்துச் சீட்டு வாங்குவது, ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது ஆகியவற்றைக் கேட்பவரே செய்யலாம். மூன்று, டாக்டர் பேச வந்தால் "இதோ வந்துருவாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டுச் செய்தியை வாங்கிக்கொள்ளக் கூடாது. நான்கு, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாம் படுக்கையில் தன் தாயாரை வைத்திருந்த பாய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார். சிவாஜிநகரில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். உருதுவில் மகளைக் கூப்பிடுவதுபோல என்னை 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

"நாலாவது எதுக்கு பேட்டி? அதெல்லாம் எவனாவது செய்வானா?"

"செய்ய மாட்டாங்கன்னு நெனைக்கிறதைத்தான் பாய் முதல்ல எழுதணும்."

"அரே, உன் ஆபீஸ்ல எல்லாம் இப்டித்தானா? கல்யாணம் பண்ணிக்கப் போறவன் பாவம். அவனுக்கு எத்தனி ரூல்னு தெர்ல."

ஒன்பதாம் நம்பர் அக்கா அதற்குச் சிரித்தார். அவர் என் பக்கத்து நாற்காலி. ஆஸ்டின் டவுனில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். வயது நாற்பதுக்குச் சற்று மேலே இருக்கும். கையில் எப்போதும் யாருடைய ரவிக்கையாவது இருக்கும். கொக்கி வைத்துக்கொண்டோ பட்டி மடித்துக்கொண்டோ பேசுவார். அவருடைய கணவர் சர்ச்சுக்குச் சொந்தமான ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் பாடுகிறவர். நிமோனியா முற்றி இரண்டு நுரையீரலும் நிரம்பி, வாய்வழியாகக் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். அக்கா தினமும் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்து, மகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு இரண்டரைக்குள் திரும்பிவிடுவார். அந்த இரண்டரை மணிநேரமும் அவருக்காகக் கேட்டது நான். நான் அலுவலகக் கூட்டங்களுக்காகப் படிக்கட்டுப் பக்கம் போகும்போது எனக்காகக் கேட்டது அவர்.

அவருடைய கணவர் பெயர் எனக்குத் தெரியாது. என் அப்பாவின் பெயர் அவருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை.

பதினொன்றாம் நாள் டாக்டர்கள் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வாயில் குழாயை இதற்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல, கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு அதன்வழியாகக் குழாயை வைக்கலாம், பிறகு எடுத்துவிடலாம் என்றார்கள். அக்கா வெளியே வந்து என்னிடம் கேட்டார். நான் இணையத்தில் படித்து, நன்மைகள் இடப்பக்கம், அபாயங்கள் வலப்பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வலப்பக்கத்தில் மூன்றாவதாக 'குரலில் மாற்றம் வரலாம் (பெரும்பாலும் தற்காலிகம்)' என்று இருந்தது. அக்கா அந்த வரியை மட்டும்தான் படித்தார்.

"பெரும்பாலும்னா என்னா?"

"அநேகமா சரியாயிடும்க்கா."

"அநேகமா." ஊசியை ரவிக்கையிலேயே குத்தி நிறுத்தினார். "அவருக்குத் தொண்டதான்மா எல்லாம். கிளாஸ்ல பாட்டாவே பாடித்தான் செய்யுள் நடத்துவாரு. வெளிய வர்றப்ப குரல் இல்லன்னா, 'ஏண்டி விட்டே'ன்னுதான் கேப்பாரு. நான் என்னா பதில் சொல்றது?"

மறுநாளும் டாக்டர்கள் கேட்டார்கள். அக்கா மறுத்தார். அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். நான் குறுக்கிடவில்லை. அவருடைய படுக்கை, அவருடைய முடிவு. என் விதிகளின் அடிப்படையும் அதுதான்.

அதற்கு மறுநாள், மதியம் ஒன்றரை மணி இருக்கும்.

"ஒம்பத்து நம்பர்! ஒம்பத்து நம்பர் அட்டெண்டர், பன்னிரீ!"

வாருங்கள் என்று செக்யூரிட்டி அண்ணா கன்னடத்தில் கூப்பிட்டார். நான் எழுந்து போனேன். மருந்துச் சீட்டு என்று நினைத்தேன். கதவுக்குள் நின்றது பணி மருத்துவர், என் வயதுப் பெண், சேலத்துக்காரர். கையுறை போட்ட கையில் ஒரு படிவ அட்டை.

"ஒன்பதுக்கு நீங்களா? மிஸஸ் எங்க?"

"இதோ வந்துருவாங்க."

"எவ்ளோ நேரத்துல?"

"ஒரு மணி நேரம்."

அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே நிலைமை மோசம் என்று தெரிந்தது. பிறகு வேகமாக, ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாயில் இருந்த குழாய் சளியால் அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்காக வெளியே எடுத்தார்கள். தொண்டை வீங்கியிருப்பதால் புதியது உள்ளே போகவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டார்கள். இப்போது முகமூடி வைத்துப் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கழுத்துலதான் போட்டாகணும். இப்பவே. ஆனா வேண்டாம்னு மிஸஸ் எழுதிக் குடுத்தது ஃபைல்ல இருக்கு. ஃபேமிலில யாராவது மாத்திக் குடுங்க. போன் பண்ணுங்க அவங்களுக்கு."

நான் போன் செய்தேன். அக்காவின் போன் என் பைக்குள்ளேயே அடித்தது. கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் வேலை செய்யும். அதில் சார்ஜ் போட்டு, கழற்றி எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என் பட்டியலில் அப்படியொரு சாத்தியம் இல்லவே இல்லை. மகள் பள்ளியில் இருப்பாள். கணவரின் தம்பி ஓசூரில். அவருடைய எண்ணும் அந்தப் போனுக்குள் பூட்டியிருந்தது.

பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எழுந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "ஆஸ்டின் டவுன்ல எங்க?"

"தெரியாது பாய். சர்ச்சுக்குப் பின்னாடி தெருன்னு சொல்லுவாங்க. டெய்லர்னு கேளுங்க."

"டெய்லரா, சரி. கேட்டுக் கேட்டுக் கூட்டினு வர்றேன்" என்று படியிறங்கி ஓடினார். போகவும் தேடவும் திரும்பவும் முக்கால் மணிநேரமாவது ஆகும். டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

"அவ்ளோ டைம் இல்ல" என்றார். பிறகு, "நீங்க பேஷண்டுக்கு என்ன ஆகணும்?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. நான் நாலு. அதைச் சொல்லவில்லை.

"தங்கச்சி" என்றேன்.

அவர் படிவத்தை நீட்டினார். நோயாளியின் விவரம் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் மேலே ஒட்டியிருந்தது. என் அண்ணனின் பெயரை முதன்முதலாக அதில்தான் படித்தேன். உறவு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் சகோதரி என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். நேரம் என்ற கட்டமும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக நிரப்பினேன். கதவு மூடிக்கொண்டது. என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த ஒரு டெஸ்ட் கேஸை முடித்தேன். அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பாய் அக்காவை ஸ்கூட்டரில் அழைத்து வந்தபோது மணி இரண்டரை ஆகிவிட்டிருந்தது. எப்படியும் அவர் தானாகவே திரும்பும் நேரம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்திருந்தது, கழுத்தில் குழாய், இயந்திரம் ஓடுகிறது, ஆக்சிஜன் அளவு ஏறிவிட்டது என்று நர்ஸ் எனக்குச் சொல்லியிருந்தார். அதை அதே வரிசையில் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்க்கா."

"என்னான்னு போட்டே?"

"தங்கச்சின்னு."

என் பையிலிருந்து தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கதவுக்கு எதிரே இருந்த தூணருகே போய் உட்கார்ந்தார். என் பக்கத்து நாற்காலிக்கு அன்று வரவில்லை.

மாலையில் ஓசூரிலிருந்து கணவரின் தம்பி வந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு, நேராக ஷிப்டிலிருந்து. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் நேரே அக்காவிடம் போனார்.

"அண்ணி, தங்கச்சி கையெழுத்துப் போட்டாங்கன்றாரு டாக்டரு. எங்கம்மா பெத்தது எங்க ரெண்டு பேரத்தான். எந்தத் தங்கச்சி? எங்கேர்ந்து வந்தா?"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா பேசினார். உட்கார்ந்த இடத்திலிருந்து, தலை நிமிராமல்.

"இருக்கா. நீ வந்து எட்டிப் பாத்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும். பதிமூணு நாள்ல இன்னிக்குத்தானே வர்றே?"

"லீவு குடுக்கலன்னு சொன்னேனே அண்ணி..."

"அவளுக்கும்தான் குடுக்கல. இங்கயே உக்காந்து ஆபீஸ் வேல செய்யறா."

பாய் குறுக்கே புகுந்து அவருடைய தோளில் கைபோட்டார். "தம்பி, வா, டீ குடிக்கலாம். பயப்படாத. தங்கச்சி சொத்துல பங்கு கேக்க மாட்டா. நாங்க எல்லாரும் சாட்சி." யாரோ சிரித்தார்கள். தம்பியும் வேறு வழியில்லாமல் பாயோடு நடந்தார்.

எல்லோர் முன்னிலையிலும் என்னை விட்டுக்கொடுக்காத அக்கா, அடுத்த ஆறு நாட்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆறு நாட்களில் நின்றவை: பக்கத்தில் உட்காருவது, என் சாப்பாட்டிலிருந்து ஒரு கரண்டி பொரியல் எடுத்துக்கொள்வது, என் சுடிதார் தையலைக் குறை சொல்வது. நிற்காதவை: நான் படிக்கட்டுப் பக்கம் போனால் அவர் நாலுக்காகக் கேட்டார். ஒருமுறை அப்பாவுக்கான மருந்துச் சீட்டை வாங்கி, மருந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பில்லை என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுக்குப் போகும்போது குழுவில், '9 போகிறேன். 4 கேட்கும்' என்று போட்டார். ஏற்பாட்டை அவர் உடைக்கவில்லை. நான்காவது விதியை உடைத்தது நான் மட்டும்தான்.

நான் அந்த விதியை நீக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஆனால் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடிய கணக்கு வேறு. அக்கா வேண்டாம் என்று எழுதியது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். இதெல்லாம் தெரியாத ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அறியாமல் செய்தது. நான் செய்தது அப்படியல்ல. அக்காவின் கணவர் உயிரோடு வெளியே வந்து, குரல் வராமல் போனால், அக்காவின் வீட்டில் அந்த மௌனத்துக்கு நான்தான் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் பணி மருத்துவரிடம் ஒன்பதைப் பற்றி விசாரித்தேன். தங்கை என்பதால் அவர் மறுக்காமல் பதில் சொன்னார். இயந்திரத்தின் உதவியைக் குறைக்கிறோம். தானாக மூச்சு விடுகிறார். கண் திறந்தார். குரல் பற்றி இப்போது சொல்ல முடியாது.

ஏழாம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். விரல்கள் அசைந்துவிட்டன, இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்காக நின்றபோது அக்கா வந்து ஒரு பையை வாங்கிக்கொண்டார்.

"உன் மேல கோவம்னு நெனைச்சிட்டியா?"

"ஆமாங்க்கா."

"கோவம்லாம் இல்ல." லிஃப்ட் வந்து, திறந்து, நாங்கள் ஏறாமலேயே மூடிக்கொண்டது. "அன்னிக்கு நான் இங்க இருந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். டாக்டர் கால்ல விழுந்தாவது, வாயிலயே இன்னொருவாட்டி ட்ரை பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன். அவங்க ட்ரை பண்ணியிருப்பாங்க. அதுக்குள்ள போயிருப்பாரு. உன்னப் பாக்கறப்பல்லாம் அதுதான் வருது. உன்னப் பாக்காம இருந்தா கொஞ்சம் வர்ல. அவ்ளோதான்."

"எந்த மாடிக்கா?" என்று கேட்டேன், போகவேண்டியது எங்கே என்று எனக்குத்தான் தெரியும். மூன்றாம் மாடி என்று நானே சொன்னேன். அக்கா பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணு மட்டும். நான் எழுதிக் குடுத்தது அவருக்குத் தெரிய வேணாம். நான் இங்க இல்லாத நேரத்துல நீ போட்டே, அவ்ளோதான். வேணாம்னு நான் எழுதினது தெரிஞ்சா... புள்ளைய வெச்சிக்கிட்டு ஒருத்தி புருஷன சாவ விட்டான்னு ஆயிடும்."

சரி என்றேன்.

அக்காவின் கணவர் இன்னும் பன்னிரண்டு நாட்களில் வீட்டுக்குப் போனார். கழுத்துத் துளை தானாக மூடி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு தழும்பு நின்றது. குரல் வந்தது. பழைய குரல் அல்ல. மணலில் கால் இழுத்து நடப்பது போன்ற ஒரு குரல். பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டார். பள்ளியில் சட்டையில் மாட்டும் சிறு மைக் வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கிறார். செய்யுளைப் பாடுவதில்லை, படிக்கிறார். பாயின் தாயார் பிழைக்கவில்லை. சிவாஜிநகரில் அவர் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போய்வந்தோம். குழு இன்னும் இருக்கிறது. பண்டிகைக்கு வாழ்த்து, யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் செய்தி. பெயர்கள் இப்போது தெரியும். ஆனாலும் என் போனில் அக்கா '9' தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. சர்ச்சிலிருந்து அவர்கள் திரும்பும் நேரத்துக்கு நான் போவேன். அக்காவின் கணவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். விருந்தினர் வந்தால், "பெரியாஸ்பத்திரில பொறந்த தங்கச்சி" என்று அறிமுகப்படுத்துவார். நான் கூச்சத்தோடு தண்ணீர் குடிப்பேன். அக்கா எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி ஒன்றரை வருடம் நாங்கள் இருவரும் பேசவேயில்லை. அவர் என்னிடம் தன் குரலைப் பற்றி ஏதாவது சொல்லும்போதெல்லாம் அக்கா சமையலறைக்குள் போய்விடுவார். அதை நான் மட்டும் கவனித்தேன்.

போன மாதம் போனபோது மேசைமேல் ஒரு தடித்த கோப்பு இருந்தது. அவருடைய நீண்ட விடுப்பை முறைப்படுத்த முழுக் கேஸ் ஷீட் வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்டிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து நகல் வாங்கி வந்திருந்தார். சிவப்புப் பேனாவோடு அதைப் படித்துக்கொண்டிருந்தார். தமிழாசிரியர்கள் எதையும் பேனா இல்லாமல் படிப்பதில்லை.

"வா தங்கச்சி. உன் கையெழுத்தப் பாத்தேன். நேரங்கூடப் போட்டிருக்கே, ஒண்ணு நாப்பத்தி ரெண்டு." ஒரு பக்கம் முன்னால் புரட்டினார். "இது யாரு கையெழுத்து?"

அக்காவின் கையெழுத்து. தமிழில் ஒரே வரி. என் கணவருக்கு தொண்டையில் ஓட்டை போட எனக்கு சம்மதம் இல்லை. தேதி முந்தைய நாளுடையது. நான் அந்த வரியை அதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலேயே அதற்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்கா குழம்புக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, ஒன்றரை வருடமாக அவர் எந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது. மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள்.

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் தாள்மேல் வைத்தார்.

"ரெண்டு எடத்துல ஒற்று விட்டிருக்கே. கணவருக்குத் தொண்டையில். எனக்குச் சம்மதம்." இரண்டு சிறிய சிவப்புக் குறிகள் போட்டார். "இருவது வருஷம் என்கூட இருந்தும் வல்லினம் மிகும் எடம் தெரியலியே உனக்கு."

"என்னாங்க..." அக்கா கரண்டியோடு மேசைவரை வந்துவிட்டார்.

"நானா இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்" என்றார் அந்த உடைந்த குரலில். "என்னக் கேட்டிருந்தாங்கன்னா, செத்தாலும் பரவால்ல, தொண்டையத் தொடாதேன்னுதான் சொல்லியிருப்பேன். நீ சரியாத்தான் எழுதியிருக்கே. ஒற்றத் தவிர."

அக்கா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோப்பின் மேலேயே வைத்தார். குழம்பு தாளில் பரவியது. கணவர் பதறவில்லை, துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க ரெண்டு பேர்ல யாரக் கேட்டிருந்தாலும் நான் செத்திருப்பேன். நீ நிஜமாவே தங்கச்சியா இருந்திருந்தா நீயும் போட்டிருக்க மாட்டே. அண்ணன் பாடறதக் கேட்டு வளந்திருப்பியே."

"இனிமே அது ஒரு பிரச்சன" என்றார் அக்கா. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தட்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். "இவ சொந்தமாயிட்டா. அடுத்தவாட்டி ஏதாவதுன்னா கையெழுத்துப் போட வேற ஆளத்தான் தேடணும்."

"பாய் இருக்காரே" என்றார் அவர்.

"ஐயோ, அவரு விசாரிச்சு விசாரிச்சு வர்றதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துருவீங்க. ஒக்காருங்க, சாப்பாடு ஆறுது."

சாப்பிட்டோம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். அக்கா அன்று சமையலறைக்குள் போகவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து, அவர் சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் படிவத்தை இப்போது நீட்டினால் என்ன செய்வேன் என்று. இந்த முறை அவர் பெயர் தெரியும், அவர் எதை எப்படிச் சொல்வார் என்று தெரியும், எதை இழந்தார் என்றும் தெரியும். கையெழுத்துப் போட மாட்டேன் என்று தோன்றவில்லை. ஆனால் ஒன்று நாற்பத்திரண்டுக்குப் போட்டிருக்க முடியாது. இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும்.